பந்தியில் மட்டுமன்று, பணியிலும் சமம்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நாளில் அன்னதானப் பந்தியைச் சற்றே உற்று நோக்கினால் ஓர் அரிய காட்சி புலப்படும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரும், சுங்கைப் பட்டாணியில் சொந்தக் கடை வைத்திருப்பவரும், இரவு வேலை முடித்துத் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து நேரே இறங்கி வந்த பெண்ணும், அரசாங்க அலுவலகத்து அதிகாரியும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். எல்லாருக்கும் அதே இலை, அதே சோறு. பரிமாறுகின்றவர் எவரிடமும் குலத்தைக் கேட்பதில்லை, சம்பளத்தைக் கேட்பதில்லை, அடையாள அட்டையின் நிறத்தையும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் பந்திகளும் பிரிந்தே கிடந்தன என்பதை முதியோர் அறிவர். ஆகவே, இந்தச் சமநிலை தானாக விளைந்ததன்று. முயன்று பெற்ற பேறு.

ஆனால், பந்தியை விட்டெழுந்து கை கழுவிய பின்னர் அந்தச் சமநிலை எங்கே செல்கின்றது? தோட்டத்திலும், தொழிற்சாலையிலும், கடையிலும், அலுவலகத்திலும், ஏன், ஆலயத்தின் மடைப்பள்ளியிலும் அது உடன் வருகின்றதா? இக்கேள்வியைச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மூன்று சொற்கள்

பன்முகத்தன்மை, சமநீதி, அரவணைப்பு என்னும் மூன்று சொற்களும் இந்நாளில் பெரிய நிறுவனங்களின் சுவர்களிலும் ஆண்டறிக்கைகளிலும் அரசாங்கச் சுற்றறிக்கைகளிலும் இடம்பெற்று வருகின்றன. பலவகை மக்களும் ஓரிடத்தில் பணிபுரிவது பன்முகத்தன்மை. அவரவர் நிலையறிந்து நியாயம் வழங்குவது சமநீதி. எவரையும் வெளியே நிறுத்தாமல், முடிவெடுக்கும் இடத்திலும் இருக்கை தருவது அரவணைப்பு.

இவற்றுள் சமநீதி என்பதைப் பலரும் பிறழ உணர்கின்றனர். தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதனை விளக்குவது எளிது. இருபது வயது இளைஞனுக்கு மேட்டு நிலத்துச் சமவெளியிலும், ஐம்பது வயது மூதாட்டிக்கு மலைச்சரிவிலும் ஒரே எண்ணிக்கையில் பால்மரங்களைக் கொடுத்து, ஒரே நேரத்தில் பாலைக் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னால், கணக்கு ஏட்டில் இருவரும் சமமே. ஆனால் அதனை நியாயமென்று எந்தத் தொழிலாளியும் ஒப்புக்கொள்ளமாட்டார். எண்ணிக்கை ஒத்திருப்பது மட்டும் நீதியாகாது. சுமையும் வழியும் ஒத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமொழி என்றும், படித்தவர்களின் பேச்சு என்றும் கருதுவோர் உளர். அவ்வாறு கருதுவது வரலாறு அறியாமையாகும். இச்சொற்கள் புதியனவாக இருக்கலாம், இவற்றின் பொருளுக்காகக் கெடா மாநிலத்துத் தோட்டத் தொழிலாளர்கள் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அடிபட்டனர், சிறை புகுந்தனர், உயிரும் நீத்தனர்.

கடாரத்து மண்ணும் தோட்டத்துப் படிநிலையும்

கெடா என்னும் பழம்பெருங் கடாரம் பல்லின மக்கள் கலந்து வாழ்ந்த மண். மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் பௌத்தச் சின்னங்களும் இந்துக் கோயில்களின் அடித்தளங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தமிழகம், சீனம், அரபு நாடு எனப் பல திசைகளிலிருந்தும் வணிகர் வந்து தங்கிய துறைமுகம் இது. 11ஆம் நூற்றாண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை இங்கு வந்ததையும் அனைவரும் அறிவர். ஆகவே, வேற்றுமைகளோடு கூடி வாழ்தல் என்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோதுதான் வேறொரு முறை உருவாயிற்று. மேட்டின் மேல் துரையின் பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே லயங்கள். எவர் எங்கே வாழ வேண்டும், எவர் எந்த வேலை செய்ய வேண்டும், எவருக்கு என்ன கூலி என்பனவெல்லாம் இனத்தையும் பாலையும் வைத்தே முடிவு செய்யப்பட்டன. 1920களின் இறுதியில் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் தமிழ்த் தொழிலாளருக்கு அன்றாடக் கூலி வரையறுக்கப்பட்டபோது, ஆணுக்கு 50 காசு என்றும் பெண்ணுக்கு 40 காசு என்றும் விதித்தனர். அதே கத்தி, அதே வாளி, அதே விடியற்காலை. கூலியில் மட்டும் 10 காசு குறைவு. பொருளாதார மந்தம் வந்தபோது அந்தக் கூலியும் வெட்டப்பட்டது.

இந்தப் படிநிலையை வெள்ளையர் மட்டுமே உண்டாக்கினர் என்று சொல்லிவிட முடியாது. ஊரிலிருந்து கப்பலேறிய சாதியும் உடன் வந்தது. சில தோட்டங்களில் லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்தன. ஒரே பெரட்டுக் களத்தில் நின்று, ஒரே தண்டலிடம் வசை வாங்கியவர்கள், மாலையில் வீடு திரும்பியதும் ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் அருந்தாத நிலையும் இருந்தது. வெளியிலிருந்து வந்த இழிவு ஒருபுறம். உள்ளிருந்து விளைந்த இழிவு மறுபுறம்.

கிள்ளானில் எழுந்த குரல்

1941ஆம் ஆண்டு, சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர்.எச். நாதன் என்பவர் அதன் தலைவர்களுள் முதன்மையானவர். தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளை இன்று படிப்போர் வியப்படைவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குக் கல்வியும், நோயாளிகளுக்கு முறையான மருத்துவமும் வேண்டும் என்றனர். பெண் தொழிலாளர்களிடம் மேலாளர்கள் முறைகேடாக நடந்துகொள்வதைத் தடுக்க வேண்டும் என்றனர். உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். அவற்றோடு மேலும் ஒன்று கேட்டனர்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்தக் கடைசிக் கோரிக்கையால் ஒருவருக்கும் ஒரு காசும் கிடைக்கப் போவதில்லை. ஆயினும் அதனைக் கூலியோடு சேர்த்தே கேட்டனர். வயிற்றுக்குச் சோறு போலவே மனிதனுக்கு மானமும் இன்றியமையாதது என்பதை எழுத்தறியாத அம்மக்கள் அறிந்திருந்தனர். அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். எனினும், அவர்கள் கேட்ட கேள்விகள் மாளவில்லை.

ஹார்வர்ட் தோட்டத்துத் தொண்டர் படை

போர் முடிந்தது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் எண்ணற்றோர் திரும்பவே இல்லை. எஞ்சியவர்களிடம் ஒரு புதிய துணிவு பிறந்திருந்தது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் தோட்டங்களுக்குத் திரும்பியிருந்தனர். தலைகுனிந்து நின்ற பழைய தலைமுறையின் பிள்ளைகள் அணிவகுத்து நிற்கக் கற்றிருந்தனர்.

அந்த வேளையில்தான் பீடோங்கிற்கு அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. விரைவில் கெடாவின் பல தோட்டங்களுக்கும் அது பரவியது. இளைஞர்கள் சீருடை அணிந்து பயிற்சி செய்தனர். குடியை ஒழிப்பது அவர்களின் முதற்பணியாக இருந்தது. ஏனெனில், தோட்டத்துக் கள்ளுக்கடை வெறும் கடையன்று. கொடுத்த கூலியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வாசல் அது. கள் விற்ற ஆதாயத்திலிருந்து தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியும் வைத்திருந்தனர். குடிக்க வைத்துக் கெடுத்துவிட்டு, அந்தக் காசிலேயே நலம் செய்வதாகச் சொல்வது எத்தகைய நியாயம்!

தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தனர். 1947ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் காவல் துறையினர் வன்முறையால் கூட்டங்களைக் கலைத்தனர். தொழிலாளர்களின் உயிர் பறிபோயிற்று. தோட்டங்கள் பல வேலைநிறுத்தத்தில் இறங்கின. புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் பலர் கைதாகிச் சிறை சென்றனர். ஏ.எம். சாமியும் சிறைப்பட்டார். தொண்டர் படை ஒடுக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று உண்டு. தொண்டர் படை ஒரே நேரத்தில் இரு திசைகளில் போராடியது. வெளியே, முதலாளியிடம் மதிப்பையும் கூலியையும் கேட்டது. உள்ளே, தன் மக்களிடமே குடியை விடுங்கள், குடும்பத்தைக் காப்பாற்றுங்கள், ஒன்றுபடுங்கள் என்று கேட்டது. பிறர் நம்மை மதிக்க வேண்டுமென்று கேட்பவர், தம் வீட்டுக்குள் பிறரை மதிக்கக் கற்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். முதற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பிற்பாதியை மறந்துவிடுவது எளிது. மறந்தால் அப்போராட்டத்திற்குப் பொருளே இல்லை.

சட்டம் திறந்த கதவுகள்

விடுதலைக்குச் சற்று முன்னும் பின்னும் நிலைமை படிப்படியாக மாறியது. 1954இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென ஒரே தேசியச் சங்கம் பி.பி. நாராயணன் அவர்களின் தலைமையில் உருவாயிற்று. வெள்ளையர் தம் தோட்டங்களை விற்றுச் சென்றபோது அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டமே. மரம் வெட்டியவரே தோட்டத்தின் பங்குதாரரானார். அரவணைப்பு என்பதற்கு இதனினும் சிறந்த உள்ளூர் எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பெண்களின் உரிமைப் போராட்டமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தனர். அப்படையில் பணியாற்றிய ராசம்மா பூபாலன் அவர்கள், பின்னாளில் பெண் ஆசிரியர் சங்கத்தை வழிநடத்தி, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று போராடினார். 1960களின் இறுதியில் அரசாங்கச் சேவையில் அக்கோரிக்கை ஏற்கப்பட்டது. 50 காசுக்கும் 40 காசுக்கும் இடையே இருந்த அந்த 10 காசு இடைவெளிக்கு ஒரு பெண்மணி எழுப்பிய மறுமொழி அது என்றே கொள்ளலாம்.

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கின்றது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பால் அடிப்படையிலான பாகுபாட்டுக்கும் அதில் தடை விதிக்கப்பட்டது. 2008இல் உடற்குறையுடையோர் சட்டம் இயற்றப்பட்டது; பொதுச் சேவையில் 1 விழுக்காட்டு வேலைகளை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்னும் கொள்கையும் உள்ளது. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது 900 வெள்ளி. 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், பேறுகால விடுப்பை 98 நாளாக உயர்த்தியது. தந்தையருக்கும் 7 நாள் விடுப்பு அளித்தது. வேலையில் பாகுபாடு தொடர்பான பூசல்களை விசாரித்துத் தீர்க்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு அதிகாரமும் தந்தது. பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பு கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும் என்பதும் அதே திருத்தத்தின் விதி. 1941இல் கிள்ளான் தொழிலாளர்கள் கேட்டவற்றுள் ஒன்று, 80 ஆண்டுகள் கழிந்து சட்டமாகியிருக்கின்றது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. அக்கதவின் வழியே நுழையும் ஆற்றலைப் பிள்ளைகளுக்குத் தருவது சமுதாயத்தின் கடமை. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஒரு வட்டாரத்தில் இன்று நுண்சில்லுகள் உருவாகின்றன. பால்மரம் வெட்டியவரின் பேரப்பிள்ளை அங்கே காவலாளியாகச் செல்கின்றாரா, பொறியியலாளராகச் செல்கின்றாரா என்பதுதான் கேள்வி. அதனை முடிவு செய்வது தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பும், வீட்டில் படிப்பதற்குக் கிடைக்கும் ஓர் அமைதியான மூலையும், விண்ணப்பப் பாரத்தை நிரப்பக் கைகொடுக்கும் ஓர் அண்ணனோ அக்காளோ ஆவர்.

லயத்தில் இன்று யார்?

இனிச் சொல்லவிருப்பது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லாமல் விடுவது முறையன்று.

தமிழர் காலி செய்த லயங்களில் இன்று யார் வாழ்கின்றனர்? இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர், தமிழகத்திலிருந்து வந்த இளைஞர்கள். ஊரில் கடன் வாங்கி முகவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கவே முதலிரண்டு ஆண்டுகள் உழைக்கின்றவர்கள் அவர்களுள் பலர். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய பாட்டனாரின் கதை இதுவன்றோ? பெயர் மாறியிருக்கின்றது, கப்பலுக்கு மாறாக விமானம் வந்திருக்கின்றது, கடன் மட்டும் மாறவில்லை.

வேலை அனுமதி என்னும் சொல்லும் இச்சமுதாயத்திற்குப் புதிதன்று. 1969இல் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலை இழந்தனர். பிறந்த பிள்ளைகளை இங்கேயும், பெற்ற தாயை அங்கேயும் என்று குடும்பங்கள் பிரிந்தன. வாழ்நாள் முழுவதும் இம்மண்ணில் உழைத்தவர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினர். ஒரு தாளின் மேல் ஒரு மனிதனின் வாழ்வு நிற்பது எத்தகைய துன்பம் என்பதை இவ்வட்டாரத்துக் குடும்பங்களைவிட அறிந்தவர் யார்?

அறிந்தவரிடம் உலகம் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயமே. 2020இல் அமெரிக்க அரசாங்கம், கட்டாய உழைப்பு பற்றிய குற்றச்சாட்டின்பேரில் மலேசிய நிறுவனங்கள் சிலவற்றின் ரப்பர் கையுறைகளுக்கும் செம்பனை எண்ணெய்க்கும் இறக்குமதித் தடை விதித்தது. அதன் பின்னரே, அயல்நாட்டுத் தொழிலாளர்களிடம் முகவர்கள் வசூலித்த கட்டணத்தை நிறுவனங்கள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின, விடுதிகள் சீரமைக்கப்பட்டன, பின்னர் சில தடைகள் நீக்கப்பட்டன. வாங்குபவன் கதவை மூடிய பின்னரே நியாயம் வழங்குவது ஒரு வகை. எவரும் கேட்பதற்கு முன்னரே வழங்குவது மற்றொரு வகை. இறைவன் சன்னிதியில் நிற்போருக்கு ஏற்றது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

பெரிய நிறுவனங்களைச் சுட்டுவது எளிது. தமிழர் நடத்தும் உணவகங்களையும் துணிக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் முடிதிருத்தகங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்யும் தமிழக இளைஞனின் கடப்பிதழ் யாருடைய பெட்டியில் உள்ளது? பிறருடைய கடப்பிதழைப் பிடித்து வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும். அவனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கடையில் வேலை செய்யும் அயல்நாட்டவருக்கும் பொருந்தும் என்பதும், 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ வேலைக்காயப் பாதுகாப்பு உண்டு என்பதும் முதலாளிக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா? அரசியலமைப்பின் 8ஆம் விதி ‘குடிமக்கள்’ என்று தொடங்கவில்லை. சட்டத்தின் பாதுகாப்பு எல்லா மனிதருக்கும் உரியது என்றே தொடங்குகின்றது.

‘என் பாட்டனார் பட்டார், இவனும் படட்டும்’ என்று கருதுவது மனித நேயமாகாது. ‘என் பாட்டனார் பட்டார், இனி எவனும் படலாகாது’ என்று கருதுவதே ஹார்வர்ட் தோட்டத்தின் வாரிசுகளுக்கு அழகு.

ஆலயம் காட்டிய வழி

இவற்றையெல்லாம் ஆலயத்தில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவலாம். ஆலயமே இவ்வழியை முதலில் காட்டியது என்பதுதான் மறுமொழி.

பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு வருகின்றது. பாணர் குலத்தவர் என்பதால் ஊர் அவரைத் தள்ளி நிறுத்திய காலம் அது. திருஞானசம்பந்தர் அவரைத் தம்முடனே அழைத்துச் சென்றார். திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கரின் இல்லத்தில் இரவு தங்க நேர்ந்தபோது, யாழ்ப்பாணருக்கும் அவர்தம் துணைவியாருக்கும் இடம் தருமாறு சம்பந்தர் கேட்டார். வேதியராகிய நீலநக்கர் அவர்களுக்குத் திண்ணையிலோ கொட்டிலிலோ இடம் தரவில்லை. வீட்டின் நடுவே, வேள்வி வேதிகையின் அருகிலேயே தந்தார். வேள்வித் தீ வலமாகச் சுழன்று ஓங்கி எரிந்தது என்று சேக்கிழார் பாடுகின்றார். யாழிசை வேண்டும், யாழ் மீட்டுபவர் வேண்டாம் என்று சொல்லும் சமுதாயத்துக்கு அத்தீயே விடையளித்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம் என்னும் இன்றைய மனப்போக்கிற்கும் அதுவே விடை.

எனினும், புராணம் காட்டிய வழியில் நடக்கப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டது 1936 நவம்பர் 12ஆம் நாள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள், தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளி வைக்கப்பட்டவர்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8ஆம் நாள். கதவைத் திறப்பதற்கு ஆகமமும் தெய்வமும் தடையாக இல்லை. மனிதரே தடையாக இருந்தனர். மனிதரே அத்தடையை நீக்கினர்.

கெடா வட்டாரத்தின் ஆலயங்கள் பலவும் தோட்டத் தொழிலாளரின் கைகளால் எழுந்தவை. சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுத்த காசில் எழுந்தவை. ஆகவே, இவ்வாலயங்களின் நிர்வாகத்தில் சமநீதி இல்லையென்றால் அது எழுப்பியவர்களுக்கே இழைக்கும் தீங்காகும்.

நிர்வாகக் குழுக்களின் கடமை

பேச்சோடு நின்றுவிடாமல், எளிதில் செய்யத்தக்க சிலவற்றை ஆலய நிர்வாகக் குழுக்கள் கருத்திற்கொள்ளலாம்.

முதலாவது, ஆலயமும் ஒரு பணியிடமே. அர்ச்சகர், ஓதுவார், நாதஸ்வரக் கலைஞர், தவில் வித்துவான், மடைப்பள்ளிப் பணியாளர், துப்புரவாளர், தமிழகத்திலிருந்து வரும் சிற்பி ஆகிய அனைவரும் தொழிலாளர்கள். எழுத்து வடிவில் ஒப்பந்தம், மாதந்தோறும் சம்பளச் சீட்டு, உரிய ஓய்வு நாள், காற்றோட்டமுள்ள தங்குமிடம், கடப்பிதழ் அவரவர் கையில் ஆகிய ஐந்தும் ஒவ்வோர் ஆலயத்திலும் உறுதி செய்யப்பட வேண்டும். இராஜகோபுரத்துச் சுதைச் சிற்பத்திற்கு ஆயிரக்கணக்கில் நன்கொடை திரட்டும் ஆலயம், அச்சிற்பத்தைச் செய்தவர் எங்கே உறங்குகின்றார் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, கோலமிடுவதும் பூத்தொடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெண்களுக்கு. கணக்குப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் ஆண்களுக்கு என்னும் பிரிவினை இனியும் தொடரலாகாது. தோட்டத்தில் ஆணுக்கு நிகராக மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்தவர்கள் தாய்மார்கள். குழுவில் அவர்களுக்கு ஒரு ‘மகளிர் பிரிவு’ மட்டும் போதாது. செயலாளராகவும் பொருளாளராகவும் தலைவராகவும் வர வழி வேண்டும்.

மூன்றாவது, சக்கர நாற்காலியில் வரும் அடியார் வாசலிலேயே நின்று கும்பிட்டுத் திரும்பும் நிலை மாற வேண்டும். படிகளுக்கு அருகே ஒரு சாய்தளம் அமைக்க ஆகும் செலவு, ஒரு நாள் வாணவேடிக்கைச் செலவினும் மிகையாகாது. கண்பார்வையற்றோருக்கும் செவிப்புலன் அற்றோருக்கும் திருவிழாவில் வழிகாட்டத் தொண்டர்களைப் பழக்கலாம்.

நான்காவது, ஆலய மண்டபம் ஆண்டில் பல நாள் பூட்டிக் கிடக்கின்றது. மாதம் ஒரு நாள் அங்கே வேலை விண்ணப்பப் பயிற்சியும், தொழிலாளர் சட்ட விளக்கமும், குடியுரிமை ஆவணம் இல்லாதோருக்கு உதவியும் நடைபெறலாம். இவ்வட்டாரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசாங்க ஊழியர்களும் அதற்கு முன்வருவர். தமிழகத்து இளைஞனும் அங்கே தயக்கமின்றி வந்து தன் குறையைச் சொல்லலாம். தேவைப்பட்டால் அவனைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் துணையும் கிடைக்கும்.

ஐந்தாவது, எவ்வாலயத்திலேனும் குலத்தின் பெயரால் உபயமோ பரிவட்டமோ முதல் மரியாதையோ பிரிக்கப்படுமாயின், அது மெல்ல விடப்பட வேண்டும். எவர் தேரை இழுக்கின்றாரோ அவரே தேருக்கு உரியவர். தேரை இழுப்பதற்குக் கைகள் பல வேண்டும், வடம் ஒன்றே.

அடியார் பெருமக்களே! வேலை கேட்டுச் செல்லும் இடத்தில், பெயரையும் நிறத்தையும் பார்த்துக் கதவை மூடுகின்றனர் என்று தமிழ் இளைஞர்கள் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் நியாயமானது, அதனை உரிய இடத்தில் உரிய முறையில் எடுத்துரைப்பதும் உரிமையே. அவ்வாறு உரைக்கும் குரலுக்கு வலிமை எங்கிருந்து வரும்? தன் கடையிலும், தன் வீட்டிலும், தன் ஆலயத்திலும் எவருக்கும் கதவை மூடாதவனின் குரலுக்கே அவ்வலிமை வரும். தொண்டர் படையினர் தம் கைகளை முதலில் தூய்மைப்படுத்திக் கொண்டு, அதன் பின்னரே அக்கைகளை உயர்த்தினர். ஆதலால்தான் 1947இல் ஒடுக்கப்பட்ட பின்னும் அவர்களின் பெயர் இன்றும் பேசப்படுகின்றது.

அன்னதானப் பந்தியில் ஒரே வரிசையில் அமர்வது ஒரு மணி நேரச் சமநிலை. அதனை ஆண்டு முழுதும் பரவச் செய்வதே மெய்யான திருப்பணி. கோபுரத்திற்குக் குடமுழுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். இத்திருப்பணிக்கோ ஒவ்வொரு நாளும் நன்னாளே. எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அனைவருக்கும் அந்த மனத்தையும் துணிவையும் நல்குவதாக!